பழுப்பு நிறம் தெரிந்தால் ஏற்பி இருக்கிறது என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கஞ்சாவும் மருத்துவமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மொத்தத்தில் நல்ல கட்டுரைதான், சட்டம், போதை, வலி நிவாரணம் என்று எல்லாவற்றையும் தொட்டிருந்தார்கள். ஆனால் நடுவில், மூளை, இதயம், எலும்பு, குடல், தோல் என்று உடம்பின் எல்லா உறுப்புகளிலும் கன்னபினாய்டு ஏற்பிகள் இருப்பதை விஞ்ஞானிகள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. பக்கத்தில் ஒரு படம், வெளிர் நீலப் பின்னணியில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். அந்தக் "கண்ணாலேயே" என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் திசுவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், அந்தப் பழுப்பு நிறத்தை வரவழைப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு, அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

ஏற்பி என்பது செல்லின் சவ்வில் பொதிந்து கிடக்கும் ஒரு புரதம், கன்னபினாய்டு ஏற்பி என்றால் கஞ்சாவில் உள்ள கன்னபினாய்டு வகைப் பொருள்கள் வந்து பிடிக்கும் பிடிமானம். எங்களிடம் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தெரியாது. அதனால் அதன் மேல் ஒட்டக்கூடிய ஒரு ஆன்டிபாடியை (கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கியதே, அந்த வகைப் புரதம்தான்) திசுவின் மேல் விட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் நிறம் வரும்படி செய்கிறோம். ஆக, உங்கள் படத்தில் தெரிவது அந்த ஆன்டிபாடி எங்கே போய் ஒட்டியது என்பதுதான். அது ஏற்பியின் மேல் ஒட்டியிருந்தாலும் பழுப்பு, வேறு ஏதோ ஒரு புரதத்தின் மேல் ஒட்டியிருந்தாலும் அதே பழுப்பு.

இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த கதையில் ஆன்டிபாடி கடைசியாகத்தான் வருகிறது, இது பலருக்குத் தெரியாது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது உடம்பில் எதைப் பிடித்து வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் எலி மூளையில் இதற்கென்றே ஒரு பிடிமானம் இருப்பதைக் காட்டினார்கள். 1990-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் லிசா மட்சுடாவின் குழு அந்த ஏற்பியின் மரபணுவையே பிடித்தது, அதுதான் சிபி1. அதே ஆண்டு அதே நிறுவனத்தின் மைல்ஸ் ஹெர்கன்ஹாம், கதிரியக்கம் ஏற்றிய ஒரு மருந்தை மூளைச் சீவல்களின் மேல் ஒட்டவைத்து எங்கெல்லாம் ஏற்பி அடர்த்தியாக இருக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார். நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், உடல் சமநிலைக்கான சிறுமூளை, அசைவைக் கட்டுப்படுத்தும் அடிப்பகுதிகள் எல்லாம் கறுப்பாக நிறைந்திருந்தன, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. ஓபியம் வகை மருந்து அளவு மீறினால் மூச்சு நின்று ஆள் போவது போல கஞ்சாவில் ஏன் நடப்பதில்லை என்பதற்கு இந்தப் படம்தான் இன்றும் சொல்லப்படும் காரணம். 1993-ல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோ இரண்டாவது ஏற்பியான சிபி2-வைக் கண்டுபிடித்தார், அது பெரும்பாலும் மண்ணீரல், வெள்ளை அணுக்கள் என்று நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட இடங்களில் இருந்தது.

சரி, கதிரியக்கப் படம் இருக்கும்போது ஆன்டிபாடி எதற்கு? அந்தப் படம் எந்தப் பேட்டை என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. எந்தச் செல்லில், செல்லின் எந்த முனையில் என்று தெரிய வேண்டுமானால் ஆன்டிபாடிதான் கதி. 1999-ல் புடாபெஸ்ட்டில் இஸ்த்வான் கட்டோனாவும் தமாஷ் ஃப்ராயிண்டும் ஹிப்போகாம்பஸில் சில குறிப்பிட்ட நரம்புச் செல்களின் நுனிகளில் சிபி1 இருப்பதையும், அங்கிருந்து வெளியேறும் சமிக்ஞையை அது குறைப்பதையும் காட்டியது ஆன்டிபாடியின் உதவியால்தான். எனவே ஆன்டிபாடியே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் நல்ல ஆன்டிபாடி இல்லாமல் இந்தத் துறையே இல்லை.

சிக்கல் அதைத் தயாரிக்கும் விதத்தில் இருக்கிறது. மனிதனின் சிபி1 புரதம் 472 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, சவ்வை ஏழு முறை குத்தி உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறது. முழுப் புரதத்தையும் அதன் வடிவம் கெடாமல் எடுத்து முயலுக்கு ஊசி போடுவது லேசான காரியமில்லை, அதனால் முன்முனையிலோ வால்பகுதியிலோ பத்துப் பதினைந்து அமினோ அமிலம் உள்ள ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து அதைத்தான் போடுகிறார்கள். முயலின் உடம்பு அந்தத் துண்டுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். முழங்கையின் புகைப்படத்தை மட்டும் கையில் கொடுத்துக் கூட்டத்தில் ஆளைத் தேடச் சொன்ன மாதிரிதான் இது. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள், அதில் இதே மாதிரி முழங்கை எத்தனை பேருக்கு இருக்குமோ. போதாததற்கு ஒரு முயலின் ரத்தம் தீர்ந்ததும் அடுத்த முயல், அடுத்த முயலின் ஆன்டிபாடி வேறு மாதிரி ஒட்டும், பாட்டிலின் மேல் எண் மட்டும் அதேதான். 1975-ல் கோஹ்லரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த ஒற்றை வகை ஆன்டிபாடி முறை இந்த முயலுக்கு முயல் மாறும் தொல்லையைத் தீர்த்தது, ஆனால் தவறான ஆளைப் பிடிக்கும் தொல்லையை அதனால் தீர்க்க முடியாது, தவறானாலும் ஒவ்வொரு முறையும் அதே தவறான ஆளைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். மெழுகில் பதித்த திசுவை மைக்ரோட்டோமில் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் அள்ளுவோம். மெழுகை நீக்கி சிட்ரேட் கரைசலில் போட்டுக் கொதிக்க வைப்போம், நிறைய இடங்களில் இதற்கு வீட்டு பிரஷர் குக்கர்தான், ஃபார்மலினில் இறுகிப்போன புரதம் கொஞ்சம் விரிந்துகொடுக்க. பிறகு ஆன்டிபாடியை நீர்த்து ஒரு சொட்டு விட்டு, காய்ந்துபோகாமல் ஈரப்பெட்டியில் மூடி, ராத்திரி முழுக்க 4 டிகிரியில் வைப்போம். மறுநாள் கழுவி, முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நொதி, கடைசியில் டிஏபி என்ற நிறமி. டிஏபி போட்டதும் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். இரண்டு நிமிடத்தில் தேன் நிறம், நாலு நிமிடத்தில் நல்ல பழுப்பு, பத்து நிமிடம் விட்டால் ஸ்லைடில் எதுவுமே பழுப்பாகாமல் மிஞ்சாது. எப்போது நிறுத்துவது என்பது பார்க்கிறவரின் கண்ணைப் பொறுத்தது. பேராசிரியருக்கு "நல்ல படம்" வேண்டுமென்றால் கூட ஒரு நிமிடம் விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இது தவிர, சிவப்பணுக்களில் இயல்பாகவே இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதிச் செயல் ஆன்டிபாடி இல்லாமலே டிஏபியைப் பழுப்பாக்கும். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம், பயோட்டினை வைத்து நிறம் ஏற்றும் முறையில் போனால் அந்த இரண்டு உறுப்புகளும் எதைத் தேடினாலும் "இருக்கிறது" என்றுதான் சொல்லும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு, முதல் ஆன்டிபாடி போடாத ஒரு ஸ்லைடைக் கூடவே ஓட்டினால் அம்பலமாகிவிடும், எந்த உருப்படியான ஆய்வகமும் அதைச் செய்யும். ஆனால் முதல் ஆன்டிபாடியே தவறான இடத்தில் ஒட்டுவதை இந்த ஸ்லைடு காட்டிக்கொடுக்காது.

அதற்கு விற்பனை நிறுவனங்கள் சொல்லும் பதில் பெப்டைடு தடுப்பு. முயலுக்குப் போட்ட அதே துண்டை ஆன்டிபாடியோடு முன்கூட்டியே கலந்துவிட்டால் ஆன்டிபாடியின் கை நிறைந்துவிடும், திசுவில் ஒட்டாது, பழுப்பு மறையும், பார்த்தீர்களா எங்கள் சரக்கு சுத்தம் என்று கூட வரும் தாளில் இரண்டு படம் போட்டிருப்பார்கள். கொஞ்சம் யோசித்தால் ஓட்டை தெரியும். அந்தக் கை சிபி1-ஐப் பிடித்திருந்தாலும் சரி, அதே மாதிரி முழங்கை உள்ள வேறொரு புரதத்தைப் பிடித்திருந்தாலும் சரி, துண்டைக் கொடுத்து நிரப்பினால் இரண்டும்தான் விலகும். ஆகவே பழுப்பு மறைந்தது என்பதை வைத்து அது ஏற்பிதான் என்று சொல்ல வழியில்லை.

ஒரே நேர்மையான சோதனை, அந்த ஏற்பியே இல்லாத விலங்கின் திசுவில் போட்டுப் பார்ப்பது. சிபி1 மரபணு நீக்கிய எலிகளை 1999-ல் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக உருவாக்கினார்கள், சிபி2 இல்லாத எலி 2000-ல் வந்தது. சாதாரண எலியின் மூளையில் பழுப்பு, ஏற்பி இல்லாத எலியின் மூளையில் சுத்தம் என்றால் ஆன்டிபாடி தேறியது. இரண்டிலும் ஒரே மாதிரி பழுப்பு என்றால் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சிபி2 விஷயத்தில் இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அந்த எலிகளில் இரண்டு வகை உண்டு, ஒன்றில் புரதத்தின் வால்பகுதிக்கான மரபணுத் துண்டு மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது, இன்னொன்றில் முன்பகுதி. முன்முனைக்கு எதிரான ஆன்டிபாடியை வால் வெட்டிய எலியில் போட்டுச் சோதித்தால், மிச்சம் நிற்கும் பாதிப் புரதத்தில் அது ஒட்டக்கூடும், நல்ல ஆன்டிபாடியைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம். எந்த ஆன்டிபாடிக்கு எந்த எலி என்பதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களின் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகக் குழு சிபி1 ஆன்டிபாடிகள் பலவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு, எல்லாம் ஒரே தரம் இல்லை என்று தலைப்பிலேயே போட்டு எழுதியது. இன்னும் சுவாரசியமான வழக்கு மைட்டோகாண்ட்ரியாவுடையது. 2012-ல் பிரான்சின் போர்தோ நகரக் குழு, சிபி1 செல்லின் வெளிச்சவ்வில் மட்டுமில்லை, உள்ளே சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் இருக்கிறது என்று சொன்னது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, சிபி1 ஆன்டிபாடிகள் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஸ்டோமட்டின் போன்ற புரதம் 2 என்ற சம்பந்தமே இல்லாத ஒன்றிலும் ஒட்டுகின்றன என்று காட்டியது. போர்தோ குழு விடவில்லை, ஏற்பி இல்லாத எலிகளையும் வைத்து எண்ணிக் காட்டி 2014-ல் பதில் கொடுத்தது, 2016-ல் மைட்டோகாண்ட்ரியாவின் சிபி1 நினைவாற்றலைப் பாதிக்கிறது என்று வேறு வகைச் சோதனைகளோடு திரும்பவும் வந்தது. என் கணிப்பில் போர்தோ குழுவின் பக்கம் பலம் கூடியிருக்கிறது, ஆனால் கூடியதற்குக் காரணம் இன்னும் அழகான படம் போட்டதல்ல, படத்தை நம்பாமல் வேறு வழியிலும் நிரூபித்தது.

மூளையில் சிபி2 உண்டா என்ற சண்டையும் இப்படித்தான். முதலில் எல்லாரும் இல்லை என்றார்கள். 2005-ல் கனடாவின் கால்கரி குழு மூளைத்தண்டின் நரம்புச் செல்களில் இருக்கிறது என்றது, அவர்கள் ஆன்டிபாடியோடு நிற்காமல் ஆர்என்ஏவையும் பார்த்து, வாந்தியைக் கட்டுப்படுத்தும் விளைவையும் காட்டினார்கள். அதன் பிறகு வந்த பல கட்டுரைகளில் அந்த உழைப்பெல்லாம் இல்லை, ஒரு ஆன்டிபாடி, ஒரு படம், முடிந்தது, மூளை முழுக்க சிபி2. பிறகு ஏற்பி இல்லாத எலிகளில் போட்டுப் பார்த்தவர்கள், கடையில் கிடைக்கும் பல சிபி2 ஆன்டிபாடிகள் அங்கேயும் அதே மாதிரி நிறம் காட்டுவதை எழுதிவிட்டார்கள். உங்கள் கட்டுரையின் "எல்லா உறுப்புகளிலும்" என்ற பட்டியலில் எத்தனை உறுப்புகள் இந்த வகையில் சேர்ந்தவை என்று கட்டுரையாளர் பார்த்தாரா?

எப்படித்தான் நல்ல படத்தைக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு, சிபி1-க்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஹிப்போகாம்பஸைப் பாருங்கள். பெரிய பிரமிடு வடிவச் செல்கள் வரிசையாக நிற்கும். சிபி1 பெரும்பாலும் பக்கத்துச் செல்களின் நரம்பு நுனிகளில்தான் இருக்கிறது என்பதால், அந்தப் பிரமிடுச் செல்களின் உடல் நிறமில்லாமல் வெள்ளையாக இருக்க, சுற்றி மெல்லிய இழைகள் வலை பின்னியது போலப் பழுப்பாகத் தெரிய வேண்டும். செல்லின் உடலே கெட்டியாகப் பழுப்பேறி, சுற்றி வலையே இல்லாத படத்தைக் காட்டி சிபி1 என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஆன்டிபாடி மேல்தான். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் அப்படித்தான், சிபி1-இன் எடை ஏறக்குறைய 53 கிலோடால்டன், மேலே சர்க்கரை ஒட்டியிருந்தால் 60-ஐத் தாண்டும், அந்த இடத்தில் பட்டை இல்லாமல் வேறு எங்கோ நாலு பட்டை தெரிந்தால், அதில் ஒன்றைக் கத்தரித்துப் படமாகப் போடும் வழக்கம் இருக்கிறது. கத்தரிக்காத முழுப் படத்தைக் கேளுங்கள் என்பேன்.

கன்னபினாய்டு துறைக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை இது. 2015-ல் பிராட்பரி, புளூக்துன் என்ற இருவரும் கூட 110 விஞ்ஞானிகளும் கையெழுத்திட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள், மோசமான ஆன்டிபாடிகளால் உலகம் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வீணாக்குகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. 2023-ல் ஒய்காரோஸ் என்ற கூட்டு முயற்சி 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை, அந்தப் புரதம் நீக்கிய செல்களோடு ஒப்பிட்டு வரிசையாகச் சோதித்து வெளியிட்டது. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக 12 ஆய்வுக் கட்டுரைகள், அந்தப் புரதத்தையே பிடிக்காத ஆன்டிபாடியை நம்பி எழுதப்பட்டிருந்தன. நல்ல சேதியும் அதிலேயே இருந்தது, அவற்றை விற்ற நிறுவனங்களில் பல, முடிவைப் பார்த்ததும் தோற்ற ஆன்டிபாடிகளைக் கடையை விட்டு எடுத்தன அல்லது எதற்குப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பை மாற்றின.

நம் ஊர் ஆய்வகங்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு மூன்று சொட்டு ஆன்டிபாடிக்கு 30,000, 40,000 ரூபாய் ஆகிறது, ஐஸ் கட்டியில் வைத்து வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு செலவழித்து வாங்கியதைத் தவறு என்று நிரூபிக்க ஏற்பி இல்லாத எலியை இறக்குமதி செய், அதற்கு அனுமதி வாங்கு என்று ஒரு முனைவர் பட்ட மாணவரிடம் சொன்னால் அவர் எங்கே போவார்? நெறியாளர் கேட்பதெல்லாம், இதே ஆன்டிபாடியை வைத்து முன்னால் யாராவது கட்டுரை போட்டிருக்கிறார்களா என்றுதான். போட்டிருந்தால் போதும், ஆர்டர் போடு. முதல் கட்டுரைக்காரரும் இப்படித்தான் வாங்கினார் என்பதை யாரும் தோண்டுவதில்லை.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு எலி மூளையிலிருந்து நூற்றுக்கணக்கான சீவல்கள் எடுக்கலாம். ஏற்பி இல்லாத எலிகளை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம், மெழுகில் பதித்த திசுவைச் சீவி ஸ்லைடாகவே கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுத்தால் எலியை இறக்குமதி செய்யும் பேச்சே வேண்டாம். அதுவும் முடியாதென்றால், ஆய்வகத் தட்டில் வளர்க்கும் எச்இகே என்ற மனிதச் செல் வகையை, அதாவது இயல்பில் சிபி1 இல்லாத செல்களை எடுத்து, பாதியில் சிபி1 மரபணுவைச் செலுத்தி, மீதியைச் சும்மா விட்டு, இரண்டிலும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்ப்பது பெரிய செலவில்லை. இது ஏற்பி இல்லாத எலிக்கு ஈடாகாதுதான், திசுவுக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று செல் தட்டுக்குத் தெரியாது, ஆனாலும் அடிப்படையிலேயே தோற்கிற பாட்டிலை இதிலேயே கண்டுபிடித்துவிடலாம். நிதி கொடுக்கும் துறைகள் விண்ணப்பத்தில் ஆன்டிபாடிக்குப் பணம் கேட்கும் இடத்துக்குக் கீழே, அதை எப்படிச் சோதிக்கப்போகிறாய் என்று ஒரு கட்டம் சேர்த்தாலே பாதி மாறும்.

இதை ஒரு நாளிதழுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆயுர்வேத உரிமத்தின் பேரில் கஞ்சா இலைச்சாறு சேர்த்த எண்ணெய்களும் சொட்டு மருந்துகளும் இணையத்தில் விற்பனையாகின்றன. விளம்பரத்தில் மனித உருவம் வரைந்து தலை முதல் கால் வரை புள்ளி வைத்து, இத்தனை இடத்தில் ஏற்பி இருக்கிறது, அதனால் இத்தனை நோய்க்கும் எங்கள் எண்ணெய் கேட்கும் என்கிறார்கள். புள்ளிகளில் சிலவற்றின் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஒரு வேளை புள்ளி எல்லாமே உண்மை என்றாலும், இந்தச் சரக்குகளில் பெரிதாகப் பேசப்படும் சிபிடி என்ற கஞ்சாப் பொருள் சிபி1, சிபி2 இரண்டையும் சரியாகப் பிடிப்பதே இல்லை, அதன் வேலை பெரும்பாலும் வேறு வழிகளில் நடக்கிறது. சில வகைக் குழந்தைப் பருவ வலிப்புக்கு அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது நோயாளிகளிடம் நடத்திய சோதனைகளால், ஏற்பிப் படத்தைக் காட்டி அல்ல. ஏற்பி இருக்கும் இடத்தைத் தட்டினால் நல்லதுதான் நடக்கும் என்பதும் கிடையாது, சிபி1-ஐ அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்தை உடல் எடை குறைக்க ஐரோப்பாவில் 2006-ல் அனுமதித்துவிட்டு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008-ல் விற்பனையை நிறுத்த வேண்டியிருந்தது.

கடைசியாக, அந்தக் கட்டுரைக்கு அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதத்தில் ஒருவர், தன் உடம்பில் இந்த ஏற்பிகள் எவ்வளவு இருக்கின்றன என்று எந்த லேபில் பரிசோதிக்கலாம் என்று கேட்டிருந்தார், நீங்களும் பதில் போடவில்லை. அய்யா, அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. இந்த ஆன்டிபாடி பாட்டில்களின் மேலேயே ஆய்வுக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல என்றுதான் அச்சிட்டிருக்கும். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் சிபி1-ஐப் பார்க்க, கதிரியக்கம் ஏற்றிய மருந்தைச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுக்கும் முறை இருக்கிறது, அது ஆராய்ச்சிக்காகச் சில மையங்களில் செய்வது. யாராவது "கன்னபினாய்டு ஏற்பி டெஸ்ட்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
திசுவியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
மதுரை